பழைய பூட்டும் புதுத் தகவலும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசினது பேசினபடியே இருக்கட்டும் என்று செயலாளர் அண்ணன் சொல்லிவிட்டதால், நடையை அதிகம் திருத்தவில்லை. மேடையில் தடுமாறிய இரண்டொரு எண்களை மட்டும் சரிபார்த்துச் சேர்த்திருக்கிறேன்.)

கடைசி வரிசையில் கதவுக்குப் பக்கத்தில் மாணவத் தம்பி தங்கைகள் தயாராக உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தக் கதவோர நாற்காலியில்தான் ஒரு காலத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். 2009இல் கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்து இங்கிருந்து வெளியே போனவன். டேட்டாபேஸ் பாடத்தில் நான் வாங்கிய மதிப்பெண்ணைச் சொன்னால் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். ஆகவே அதைச் சொல்லப்போவதில்லை. அந்தப் பாடமே இன்று எனக்குச் சோறு போடுகிறது என்பதை மட்டும், பாடம் எடுத்த அம்மா முன்வரிசையில் இருப்பதால், ஒப்புக்கொள்கிறேன்.

"மாணவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு விஷயம் பேசுப்பா, வெற்றிக் கதை வேண்டாம், அதைப் பேச நிறையப் பேர் இருக்காங்க" என்றார் செயலாளர். என்னிடம் வெற்றிக் கதை கிடையாது என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ! டேட்டாபேஸில் இருக்கும் தகவலை எப்படிப் பூட்டுகிறோம், பூட்டு கெட்டது என்று தெரிந்த பிறகும் அதையே ஏன் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதில் என் தப்பும் ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நம் ஹாஸ்டலுக்குப் போவோம். அண்ணன்மார்களுக்கு ஞாபகம் இருக்கும், நம் துணிகளைச் சலவைக்கு எடுத்துப் போகிறவர் காலரில் அழியாத மையால் ஒரு குறி போடுவார். மூன்று புள்ளி ஒரு கோடு, இரண்டு கோடு ஒரு வட்டம், இப்படி. அது எந்த அறை என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். நமக்கு அது வெறும் கிறுக்கல். ஆனால் ஒரு நாள் உங்கள் பக்கத்து அறைக்காரன் சட்டையில் 'இரண்டு கோடு ஒரு வட்டம்' இருப்பதைப் பார்த்துவிட்டீர்கள் என்று வையுங்கள். அதற்கப்புறம் அந்த மூட்டையில் இருக்கும் அவன் துணி அத்தனையையும் நீங்கள் பொறுக்கி எடுத்துவிடலாம். சலவைக்காரரின் ரகசிய நோட்டு உங்களுக்குத் தேவையே இல்லை. என் புது பனியன்கள் காணாமல் போனது இந்த முறையில்தான். எடுத்தவர் இந்த அரங்கில்தான் இருக்கிறார், மன்னித்துவிட்டேன்.

இந்தக் குறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வருகிற கதை முழுக்க அதுதான்.

2016இல் நான் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். மேற்கு மாவட்டம் ஒன்றில் ரத்தப் பரிசோதனை செய்யும் ஒரு லேபுக்கு நாங்கள்தான் கணிப்பொறி வேலை. தலைமை லேப் ஒன்று, ரத்தம் எடுத்து அனுப்பும் கிளைகள் 14. புரோகிராம் 2008இல் எழுதியது, விஷுவல் பேசிக் 6இல். எழுதியவர் எனக்கு முன்னால் இருந்தவர். நல்ல மனிதர், அந்தக் காலத்திலேயே நோயாளியின் போன் நம்பரையும் சில பரிசோதனைகளின் முடிவையும் டேட்டாபேஸில் மறையாக்கம் செய்து வைத்திருந்தார். என்கிரிப்ஷன் என்கிறோமே, அது. அந்த நாளில் எத்தனை பேர் அவ்வளவு தூரம் யோசித்தார்கள்? அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

டேட்டாபேஸ் மை எஸ்.க்யூ.எல். அதில் ஏ.இ.எஸ். முறையில் பூட்டவும் திறக்கவும் இரண்டு ஃபங்க்ஷன்கள் உண்டு. தகவலைக் கொடு, சாவியைக் கொடு, பூட்டிக் கொடுக்கும். ஏ.இ.எஸ். நல்ல பூட்டுதான். 1977இல் அமெரிக்க அரசு தரமாக வைத்த டி.இ.எஸ். முறையின் சாவி 56 பிட்தான் நீளம். 1998இல் அதற்கென்றே கட்டிய ஒரு இயந்திரம் 56 மணி நேரத்தில் அதை உடைத்துக் காட்டியது. அதற்குப் பதிலாக ஜோன் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இரண்டு பெல்ஜியக்காரர்கள் உருவாக்கிய முறையை 2001இல் தரமாக அறிவித்தார்கள். அதுதான் ஏ.இ.எஸ். இன்று வரை யாரும் நேரடியாக உடைத்ததில்லை.

ஆனால் பூட்டு நல்லதாக இருந்தால் மட்டும் போதுமா? ஏ.இ.எஸ். ஒரு நேரத்தில் 16 பைட்தான் விழுங்கும். தகவல் நீளமாக இருந்தால் 16, 16ஆக வெட்ட வேண்டும். வெட்டிய துண்டுகளை எப்படிக் கோர்ப்பது என்பதற்குப் பல வழிகள் உண்டு. அதிலே ரொம்பச் சுலபமான வழி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக, அதே சாவியால் பூட்டி வரிசையாக வைப்பது. இதற்கு இ.சி.பி. என்று பெயர். இதில் ஒரே துண்டு எத்தனை தடவை வந்தாலும் ஒரே குறிதான் விழும். சலவைக் குறிதான், வேறென்ன?

மை எஸ்.க்யூ.எல். அந்த ஃபங்க்ஷனைக் கொண்டுவந்த நாளில் இ.சி.பி. ஒன்றுதான் இருந்தது. 2014இல் மற்ற வழிகளையும் சேர்த்தார்கள். சேர்த்தார்களே தவிர, நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அது எடுத்துக்கொள்வது 128 பிட் ஏ.இ.எஸ்., இ.சி.பி. வழியில். ஏன் மாற்றவில்லை? மாற்றினால் அதற்கு முன்னால் உலகம் முழுக்கப் பூட்டி வைத்த தகவலெல்லாம் அடுத்த நாள் காலையில் திறக்காது. பழைய புரோகிராம் இரண்டு விவரம் மட்டும் கொடுத்துக் கூப்பிடும். புது வழிக்கு மூன்றாவதாக ஒன்று வேண்டும். இல்லையென்றால் பிழை என்று முகத்தில் அடிக்கும். கோடிக்கணக்கான புரோகிராம்களுக்கு அந்தக் காலை விடியக்கூடாது என்று அவர்கள் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. பழசோடு ஒத்துப்போக வேண்டும் என்கிற இந்த இழுப்பைத்தான் 'பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டி' என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். புத்தகத்தில் அது ஒரு நற்குணம். பெரும்பாலும் நற்குணம்தான்.

சாவியிலும் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் முன்னவர் பாதுகாப்பு அதிகம் என்று 24 எழுத்தில் சாவி வைத்திருந்தார். அந்த ஃபங்க்ஷனுக்கு இருப்பதோ 16 சீட். அது என்ன செய்யும்? மிச்சம் 8 பேரை முதல் 8 பேர் மடியில் உட்கார வைத்துவிடும், நம்ம ஊர் மினி பஸ் மாதிரி. ஒன்றோடொன்று எக்ஸ்-ஆர் செய்து கலந்துவிடுகிறது. 16 எழுத்துச் சாவி ஒன்றை இரண்டு தடவை அடுத்தடுத்து எழுதி 32 ஆக்கினால் என்ன ஆகும் என்று இங்கிருக்கும் மாணவர்கள் யோசியுங்கள். ஒன்றையொன்று அடித்துக்கொண்டு எல்லாம் பூஜ்ஜியம். பூட்டே இல்லை என்று அர்த்தம். நான் ஜாவாவில் அதே தகவலைத் திறக்கப் போனபோது, ஜாவா 24 எழுத்தைப் பார்த்து, "ஓ, 192 பிட் ஏ.இ.எஸ்.!" என்று தானாக முடிவு செய்துகொண்டது. திறக்கவே இல்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் அந்த மடியில் உட்காரும் வித்தையை நானும் ஜாவாவில் எழுதித்தான் திறந்தேன். அதாவது பழைய குறையைப் புது மொழியில் அச்சு அசலாகத் திரும்பச் செய்தேன். சம்பளமும் வாங்கினேன்.

அந்த மூன்று நாளில்தான் இது இ.சி.பி. என்று எனக்குத் தெரிந்தது. 2016லேயே தெரிந்தது. இதைக் கவனியுங்கள். மாற்ற வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதியும் வைத்தேன். 14 கிளை, பழைய புரோகிராம், அதிலே ஒரு பதிப்பின் மூல நிரலே தொலைந்து போயிருந்தது. யோசித்துப் பார்த்துவிட்டு நோட்டை மூடினேன். ஓடிக்கொண்டிருக்கிற வண்டி, எதற்கு வம்பு?

2019 மார்ச் மாதம் ஒரு நாள் லேபுக்குப் போயிருந்தேன். ரிப்போர்ட் கவுண்டரில் இருக்கும் அக்கா என்னைக் கூப்பிட்டார். பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் கவுண்டரில் இருப்பவர். "ஏனுங் தம்பி, நீங்கதானுங்களே கம்ப்யூட்டர் பாக்கறது? இதைக் கொஞ்சம் பாருங்க" என்று எக்ஸெல் தாள் ஒன்றைக் காட்டினார். அன்றன்று கொடுக்க வேண்டிய ரிப்போர்ட்டுகளின் பட்டியல். முன்னவர் எழுதிய அந்தப் பட்டியல் எல்லாப் பத்திகளையும் அப்படியே கொட்டிவிடும், பூட்டிய பத்தி உட்பட. பூட்டியதுதானே, யாருக்குப் புரியப்போகிறது என்று விட்டிருந்தோம். எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு இருக்கும் பத்தியில், ஒவ்வொரு வரியிலும் 32 எழுத்துக் குப்பை.

"எல்லாருக்கும் இதே குப்பைதானுங்க வருது. '7பி3'ன்னு ஆரம்பிக்கறது எப்பவாச்சும் ஒண்ணுதான் வரும். அது வந்தா மட்டும் டாக்டரு கவரை ஒட்டித் தனியா வெக்கச் சொல்றாருங்க."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தப் பத்தியில் வருவது இரண்டே வார்த்தைகள்தான், 'ரியாக்டிவ்', 'நான் ரியாக்டிவ்'. ஆங்கிலத்தில் எட்டு எழுத்து, பன்னிரண்டு எழுத்து. இரண்டும் 16க்குள் அடங்கிவிடும். ஆக, இரண்டே இரண்டு குறிகள். எது அதிகம், எது அபூர்வம் என்று எண்ணத் தெரிந்தால் போதும். அதை உறுதிப்படுத்திக்கொள்ள ஒட்டிய கவர் வேறு. சாவி எங்கள் அலமாரியில் பத்திரமாக இருந்தது.

"எப்பலேர்ந்துங்க்கா தெரியும்?" என்றேன்.

"நாலு மாசம் இருக்குமுங்க. நான் யாருகிட்டயும் சொல்லலீங்க தம்பி." கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "எங்க தெருவுல ஒருத்தங்க பேரும் வந்துச்சுங்க. அவங்க மூஞ்சியப் பாத்துப் பேச முடியல எனக்கு."

அவர் சொல்லாமல் இருந்தது அவருடைய குணம். அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்திருந்தால்? இப்படிப்பட்ட தகவலைக் காப்பது பதிவு வைத்திருப்பவரின் கடமை என்று 2017இல் நாடாளுமன்றம் சட்டமே போட்டிருக்கிறது. 2018 செப்டம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. அந்தச் சட்டம் எங்கள் ஆபீஸ் சுவர் வரை வரவில்லை, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே லேப் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 2016லேயே எனக்குத் தெரியும் என்பதை மட்டும் அன்றைக்குச் சொல்லவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மாத்திடலாம். பழைய ரிப்போர்ட் எல்லாம் திறக்குமா?" இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் ஒரு நாள் கேட்கப்போகிற கேள்வி இது, மாணவர்களே.

திறக்கும். ஆனால் இடிப்பது வேறு இடத்தில். ஒரே போன் நம்பருக்கு ஒரே குறி விழுகிறதல்லவா, அந்தக் குறையை நம்பித்தான் பாதி புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. நோயாளி நம்பரைச் சொன்னதும், அதைப் பூட்டி, பூட்டிய வடிவத்தோடு டேட்டாபேஸில் ஒப்பிட்டுத் தேடினார்கள். மாதாந்தரக் கணக்கும் அப்படித்தான், பத்தியைத் திறக்காமலே, குறி வாரியாக எண்ணினார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு குறி விழுகிற நல்ல வழிக்குப் போனால் தேடுதல் நின்றுவிடும். பழசோடு ஒத்துப்போவது என்றால் கோப்பு திறந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். பழசின் ஓட்டையோடும் ஒத்துப்போக வேண்டியிருக்கும் என்பது எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காதது. (புத்தகத்தை நான் எவ்வளவு படித்தேன் என்பது வேறு விஷயம்.)

இது ஏதோ மாவட்டத்து லேபின் கதை என்று நினைக்காதீர்கள். 2013 அக்டோபரில் அடோபி நிறுவனத்திலிருந்து 15 கோடிக்கு மேற்பட்ட பயனர் பதிவுகள் வெளியே போயின. பாஸ்வேர்டுகள் மூன்றடுக்கு டி.இ.எஸ். முறையில், ஒரே சாவியால், இதே இ.சி.பி. வழியில் பூட்டப்பட்டிருந்தன. பக்கத்திலேயே, மறந்துபோனால் ஞாபகப்படுத்த என்று பயனர்கள் எழுதிய குறிப்புகள், பூட்டாமல். ஒரே குறி இருக்கும் ஆயிரம் பேரின் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால் விடை தானாக விழுந்தது. ஏறக்குறைய 19 லட்சம் பேர் '123456' வைத்திருந்தார்கள் என்பதைச் சாவி இல்லாமலே கண்டுபிடித்தார்கள். இதில் என் நெஞ்சில் தைத்தது, அந்த நிறுவனம் கொடுத்த விளக்கம். ஒரு வருடத்துக்கும் மேலாக அவர்கள் நல்ல முறைக்கு மாறியிருந்தார்களாம். திருடு போனது, மூடப்போவதாகக் குறித்து வைத்திருந்த பழைய மாற்று ஏற்பாடாம். 'மூடப்போவதாகக் குறித்து' என்ற இடத்தில் என் நோட்டு எனக்கு ஞாபகம் வந்தது.

சரி, எப்படி மாறினோம்? சுருக்கமாகச் சொல்கிறேன், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு மூன்றடுக்கு டி.இ.எஸ். விஷயத்தில் செய்தது எனக்குப் பிடிக்கும். 2023 முடிவோடு அதைக் கொண்டு புதிதாகப் பூட்டக்கூடாது என்றார்கள். ஏற்கெனவே பூட்டியதைத் திறக்கலாம். திறப்பது வேறு, பூட்டுவது வேறு என்று பிரித்து, நடுவில் ஒரு தேதியும் போட்டார்கள். மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். சர்வரிலும் 2016 பதிப்பிலிருந்து ஏ.இ.எஸ். தவிர மற்ற பழைய முறைகள் வேண்டுமானால், டேட்டாபேஸின் இணக்க நிலையை வேண்டுமென்றே 120க்கோ அதற்குக் கீழோ இறக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். என்ன, ஏதோ ஒரு பழைய ரிப்போர்ட் வேகமாக ஓடவேண்டும் என்று இணக்க நிலையைக் கீழே வைத்தவன், தனக்குத் தெரியாமலே பழைய பூட்டுகளின் அலமாரியையும் திறந்து வைத்திருப்பான். அதே சர்வரில் 'டெஸ்-எக்ஸ்' என்று ஒரு முறையின் பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிச் சாவி செய்தால் உண்மையில் கிடைப்பது மூன்றடுக்கு டி.இ.எஸ். பெயரைத் தப்பாக வைத்துவிட்டோம் என்று அவர்கள் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பெயர் மட்டும் அப்படியே இருந்தது. பழைய புரோகிராம்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தானே கூப்பிடும்!

நாங்களும் திறப்பதையும் பூட்டுவதையும் பிரித்தோம். புதுப் பத்தி ஒன்று. அதில் ஒவ்வொரு தகவலின் தலையிலும் அது எந்தப் பதிப்புப் பூட்டு என்று ஓர் எண். பழையதில் அது இல்லாததுதான் பாதிக் கஷ்டத்துக்குக் காரணம். பூட்டுவதை டேட்டாபேஸிடம் விடாமல் நடுச் சர்வரில் ஏ.இ.எஸ்.-ஜி.சி.எம். முறையில் செய்தோம், ஒவ்வொரு தடவையும் புதிதாக எடுத்த 12 பைட் எண் சேர்த்து. ஒரே வார்த்தையை நூறு தடவை பூட்டினால் நூறு விதமாக வரும். நடுவில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் தெரிந்துவிடும். கிளைகளில் இருந்த புரோகிராமுக்குள்ளேயே சாவி உட்கார்ந்திருந்ததும் அதோடு போயிற்று.

போன் நம்பரைத் தேட வேண்டுமே? அதற்கு வேறு சாவி போட்டு எச்.மேக் என்ற முறையில் ஒரு சுருக்கத்தைத் தனிப் பத்தியில் வைத்தோம். இதுவும் சலவைக் குறிதான், மறைக்கவில்லை. ஒரே நம்பருக்கு ஒரே குறி விழும். ஆனால் நம்பர் ஆளுக்கு ஆள் வேறு. எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க அதில் ஒன்றுமில்லை. சாவி இல்லாத வெறும் சுருக்கம் வைத்திருந்தால் பத்து இலக்க எண்கள் அத்தனையையும் ஒரு நல்ல கணிப்பொறி சீக்கிரமே போட்டுப் பார்த்துவிடும். பரிசோதனை முடிவுக்கு மட்டும் எந்தக் குறியும் கிடையாது. மாதக் கணக்கு வேண்டுமா, சர்வர் திறந்து எண்ணட்டும்.

இது காகிதத்தில். கிளைகளில் என்ன நடந்தது? பழைய புரோகிராம் ஓடும் கிளை ஒன்று இருந்தாலும் அது பழைய பத்தியைத்தான் படிக்கும். ஆகவே புதுசிலும் எழுதி, பழசிலும் எழுத வேண்டும். பழசிலும் எழுதினால் புதுப் பூட்டு எதற்கு? முன்கதவில் நல்ல பூட்டைப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. போன் நம்பர் விஷயத்தில் வேறு வழியில்லாமல் இரண்டிலும் எழுதினோம். முடிவுப் பத்தியில் முடியாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். பழைய வரிகளை அன்றே அழித்துவிட்டோம், இனி பழைய புரோகிராமில் அந்த இடம் காலியாகத் தெரியும், கிளைக்காரர்கள் தலைமை லேபுக்குப் போன் செய்து கேட்கட்டும். அதற்குச் சம்மதம் வாங்கத்தான் 2016 விஷயத்தையும் டாக்டரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. "அப்ப மூணு வருஷம், இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கிளைக்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். "நல்லா ஓடிட்டிருந்ததைக் கெடுத்துட்டாரு" என்று எனக்கு ஒரு பட்டமே உண்டு.

இவ்வளவு பட்டும் எனக்குப் புத்தி வந்ததா? அதே 2019இல், வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற பையன்களின் போனில் ஒரு செயலி. தகவல் போனிலேயே எஸ்.க்யூ.எல்.சைஃபர் என்ற முறையில் பூட்டி இருக்கும். அதன் 4ஆம் பதிப்பு 2018 நவம்பரில் வந்தது. பாஸ்வேர்டிலிருந்து சாவி செய்ய முதல் பதிப்பில் 4,000 சுற்று, 3ஆம் பதிப்பில் 64,000, இதில் 2,56,000. திருடன் ஒவ்வொரு பாஸ்வேர்டையும் போட்டுப் பார்க்க அத்தனை மடங்கு உழைக்க வேண்டும். நல்லதுதானே என்று புதுப் பதிப்பை ஏற்றி அனுப்பினேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு எல்லாப் போனிலும், 'இது டேட்டாபேஸ் கோப்பே இல்லை' என்று பிழை. பழைய கோப்பைப் புதுப் பதிப்பு தானாகத் திறக்காது. சாவி தப்பா, கோப்பு கெட்டதா, பதிப்பு வேறா, மூன்றுக்கும் அதே வாசகம்தான். பையன்கள் நோயாளி வீட்டு வாசலில் நிற்கிறார்கள்.

எல்லாக் கோப்பையும் 3ஆம் பதிப்பு மாதிரி நடத்து என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் போட்டு அவசரமாக அனுப்பினேன். ஏழு மணிக்கு எல்லாம் ஓடியது. மேலே 'ஒரு வாரத்துக்கு மட்டும்' என்று குறிப்பும் எழுதினேன். அந்த வரி 15 மாதம் இருந்தது. அதைவிடக் கேவலம், புதிதாகச் சேர்ந்த பையன்களின் புதுப் போன்களிலும் கோப்புகள் 3ஆம் பதிப்பாகவே உருவாயின. ஒத்துப்போகப் பழைய கோப்பே அங்கே கிடையாது! திறப்பதற்கு மட்டும் என்று நான் நினைத்த வரி, பூட்டுவதற்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு, முதலில் 4ஆகத் திறந்து பார், முடியாவிட்டால் இருக்கிற கோப்பை 3லிருந்து 4க்கு மாற்றிக்கொள் என்று எழுதினேன். அதற்கான கட்டளை அந்த மென்பொருளிலேயே முதல் நாளிலிருந்து இருந்தது. அன்று காலை ஆறு மணிக்கு அதைத் தேட எனக்குப் பொறுமை இல்லை.

கடைசிக் கிளை மாறியது 2021 ஆகஸ்டில். நடுவில் கொரோனா காலம், லேபில் யாருக்கும் தண்ணீர் குடிக்க நேரமில்லாதபோது புரோகிராமை மாற்றுகிறேன் என்று போய் நிற்க முடியுமா? அந்தக் கடைசிக் கிளையில் இருந்த பெரியவர், "இதுல எஃப் 5 அமுக்குனா பில் வருமுங்களா?" என்று மட்டும் கேட்டார். வரும்படி செய்து கொடுத்தேன். இந்த மாதிரி ஒத்துப்போவதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. 2022 ஜனவரியில் பழைய பத்தியை டேட்டாபேஸிலிருந்தே எடுத்தோம். தேதியை முன்பே போட்டு, லேப் சுவரில் ஒட்டி வைத்திருந்தோம்.

கவுண்டர் அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார். பட்டியலில் அந்தப் பத்தி இப்போது வருவதில்லை. அவர் சொல்லித்தான் இன்னொன்றும் செய்தோம். சர்க்கரை, உப்பு, தைராய்டு எதுவானாலும் எல்லாக் கவரையும் ஒட்டித்தான் கொடுக்கிறார்கள். பசை செலவு அதிகமாகிறது என்று கணக்குப் பிள்ளை முணுமுணுக்கிறார்.

ஒன்று பாக்கி இருக்கிறது. 2011லிருந்து மாதம் ஒரு தடவை எடுத்த பேக்கப்புகள், ஹார்ட் டிஸ்க்குகளில், லேப் மாடியில் ஓர் இரும்பு பீரோவில் இருக்கின்றன. மொத்தம் 41. டேட்டாபேஸில் நாங்கள் என்ன மாற்றினாலும் அந்த பீரோவுக்குள் போகாது. உள்ளே எல்லாம் பழைய குறிதான், '7பி3' உட்பட. வழக்கு, இன்ஷூரன்ஸ் என்று எப்போதாவது ஒரு பழைய ரிப்போர்ட் தேவைப்படுகிறது, ஆகவே தூக்கிப்போடவும் முடியாது, 24 எழுத்துப் பழைய சாவியை மறக்கவும் முடியாது. ஒவ்வொன்றாக எடுத்து, திறந்து, புதுப் பூட்டுக்கு மாற்றி, சரிபார்த்து, பழையதை அழிக்க ஒரு டிஸ்க்குக்கு அரை நாள் ஆகிறது. சிலது சுற்றவே மாட்டேன் என்கிறது. அந்த லேபை விட்டு வேறு வேலைக்கு நான் வந்து நாளாகிவிட்டது. இருந்தாலும் இந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்க மனமில்லை, மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை போகிறேன். 29 முடிந்திருக்கிறது. வேலை முடித்து வரும்போது அக்கா டீ வாங்கிக் கொடுப்பார், "இன்னும் எத்தனைங்க தம்பி?" என்று கேட்டுக்கொண்டே.

அடுத்த சனிக்கிழமை முப்பதாவது.